குகைக்குள் முதல் மதிப்பெண்

பிளஸ் டூ தேர்வு முடிந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எங்கள் கேரள-தமிழ்நாடு எல்லையோரம் முழுக்க வழிகாட்டி முகாம்கள் தொடங்கிவிடும். அடுத்து என்ன படிக்கலாம் என்று பேச பாலக்காட்டிலிருந்து ஒருவர் வருவார், பொள்ளாச்சியிலிருந்து இன்னொருவர் வருவார். மலையாளத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் ஒரு வாக்கியம் மட்டும் மாறாது: "கம்ஃபர்ட் ஜோனை விட்டு வெளியே வாங்க." பிள்ளைகள் கைதட்டுவார்கள். பழகிப்போன, சுகமான அந்த ஜோன் எங்கே இருக்கிறது, உள்ளே இருப்பவருக்கு அது ஏன் பிடித்திருக்கிறது, வெளியே வந்த முதல் வாரம் எப்படி இருக்கும் என்றெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். சோம்பேறிகள் ஒதுங்கும் இடம் அது என்பதுபோலப் பேசிவிட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஏதென்ஸ் நகரத்துப் பிளேட்டோ ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் இதே விஷயத்தை இவர்களைவிடப் பொறுமையாக யோசித்திருக்கிறார். 'குடியரசு' என்ற அவருடைய நூலின் ஏழாம் பகுதி ஒரு குகைக் கதையோடு தொடங்குகிறது. சாக்ரடீஸ் கதை சொல்கிறார். பிளேட்டோவின் சகோதரர் கிளாக்கோன் கேட்கிறார். தத்துவம் என்றதும் பயப்பட வேண்டாம், கதை சில பக்கங்கள்தான்.

பூமிக்கு அடியில் ஒரு நீண்ட குகை. உள்ளே சில மனிதர்கள், சிறுவயது முதலே காலிலும் கழுத்திலும் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தலையைத் திருப்ப முடியாது. எதிரே இருக்கும் சுவரை மட்டும்தான் பார்க்கலாம். அவர்களுக்குப் பின்னால், சற்று உயரத்தில், ஒரு தீ எரிகிறது. தீக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு பாதை. பாதையை ஒட்டி ஒரு குட்டைச் சுவர். அந்தச் சுவருக்கு மேலே தெரியும்படி மனித உருவங்கள், மிருக உருவங்கள், பாத்திரங்கள் என்று பலவற்றைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடக்கிறார்கள். சிலர் பேசிக்கொண்டு போகிறார்கள், சிலர் பேசாமல் போகிறார்கள். உருவங்களின் நிழல் எதிர்ச்சுவரில் விழுகிறது. பேச்சு அந்தச் சுவரில் பட்டு எதிரொலிக்கிறது. பிறந்ததிலிருந்து வேறெதையும் பார்க்காதவர்கள் என்ன நினைப்பார்கள்? நிழல்தான் பொருள், நிழல்தான் பேசுகிறது என்றுதானே?

"விசித்திரமான கைதிகள்" என்கிறார் கிளாக்கோன். "நம்மைப் போன்றவர்கள்தான்" என்கிறார் சாக்ரடீஸ்.

அந்தக் குட்டைச் சுவரை விளக்கப் பிளேட்டோவே பொம்மலாட்டக்காரர்கள் தங்கள் முன்னால் வைக்கும் தடுப்பைத்தான் காட்டுகிறார். பாலக்காட்டுக்காரர்களுக்கு இந்தக் காட்சியைக் கற்பனை செய்யக்கூடத் தேவையில்லை. தோல்பாவைக் கூத்து இங்கே கோயில் சடங்காகவே நடக்கிறது. பாரதப்புழைக் கரையோரப் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடமே உண்டு. ஏறக்குறைய 42 அடி நீளம். வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் விட்டு 21 விளக்குகள் ஏற்றுவார்கள். தோலில் வெட்டிய இராமனும் இராவணனும் திரையில் நிழலாக அசைவார்கள். புலவர்கள் என்று அழைக்கப்படும் கலைஞர்கள் கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடி, தமிழும் மலையாளமும் கலந்து பொருள் சொல்வார்கள். தாருகன் என்ற அசுரனோடு போரிடப் போயிருந்த பத்ரகாளி இராம இராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறிவிட்டாளாம், அவளுக்காகத்தான் இந்த ஆட்டம் என்பது ஐதிகம். அதனால் நள்ளிரவு தாண்டி மனிதர் ஒருவரும் எதிரே இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது.

கூத்துமாடத்துக்கும் பிளேட்டோவின் குகைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. கூத்துப் பார்க்கிறவர்களுக்கு இது நிழல் என்று தெரியும். விளக்கேற்றுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வேண்டுமானால் எழுந்து பின்பக்கம் போய்ப் பாவையைத் தொட்டுப் பார்க்கலாம். தெரிந்தே பார்ப்பதால் அது கலை. தெரியாமல் பார்ப்பதால் குகையில் இருப்பது உலகம்.

சரி, இதுவரை பலரும் கேள்விப்பட்ட பகுதி. இதற்கு அப்புறம் வரும் ஒரு சின்ன விவரத்தைப் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். குகைக்குள்ளே போட்டி நடக்கிறது. சுவரில் போகும் நிழல்களை யார் சட்டென்று அடையாளம் காண்கிறார்கள், எது முதலில் வரும், எது அடுத்து வரும், எதெது சேர்ந்து வரும் என்று யார் நினைவில் வைத்துச் சரியாகக் கணிக்கிறார்கள் என்பதற்குப் புகழும் பரிசும் உண்டு. அதாவது குகைவாசிகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உழைக்கிறார்கள். கவனிக்கிறார்கள். அதில் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கம்ஃபர்ட் ஜோன் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான இடம் வேறில்லை. ஒருவர் ஓர் இடத்தை விட்டு நகர மறுப்பதற்குச் சோம்பல் காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அந்த இடத்தில் அவர் திறமைசாலி என்பதுதான் காரணம். அங்கே அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வெளியே போனால் முதலில் பறிபோவது அந்தப் பெயர்.

எங்கள் பக்கத்துக்குத் தெரிந்த ஓர் உதாரணம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன, கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. தமிழ் வழியில் படித்து, பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த ஒரு பெண் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன்னுக்கு டவுன் பள்ளியில் சேர்கிறாள். புத்தகம் ஆங்கிலம், டீச்சரின் விளக்கம் மலையாளம். பஸ்ஸிலும் கடையிலும் அவள் மலையாளம் தண்ணீராகப் பேசுவாள். ஆனால் வகுப்பில் திசைவேகம் 'பிரவேகம்' ஆகிறது, முடுக்கம் 'த்வரணம்' ஆகிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அம்மா, எனக்கு அந்த ஸ்கூல் வேண்டாம்மா."

"ஏன்டீ, டீச்சர் ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் ஒண்ணும் சொல்ல முடியாம உக்காந்திருக்கேன்."

அவளைச் சோம்பேறி என்று யாராவது சொல்ல முடியுமா? முந்தின ஆண்டு வரை கேள்வி முடிவதற்குள் கை தூக்கியவள். (தமிழ் வழி குகை, மலையாளமும் ஆங்கிலமும் சூரிய வெளிச்சம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டவுன் பள்ளியிலிருந்து தமிழ் வகுப்புக்குள் வந்து உட்காரும் பிள்ளைக்கும் இதே கதிதான். எந்தச் சுவரும் நீண்ட நாள் தனியாகப் பார்த்தால் உலகமாகிவிடும்.)

பிளேட்டோவிடம் திரும்புவோம். ஒரு கைதியின் கட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். எழுந்து திரும்பித் தீயைப் பார்க்கிறான். அவனுக்கு விடுதலையின் ஆனந்தமெல்லாம் இல்லை, கண் வலிக்கிறது. "இதுவரை நீ பார்த்தது வெற்று நிழல், இதோ இவைதான் பொருள்கள்" என்று ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் திணறுகிறான். பழைய நிழல்களே இவற்றைவிட உண்மையானவை என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஓடிப் போய் பழைய சுவர்ப் பக்கமே உட்காரப் பார்க்கிறான். அப்புறம் அவனைக் கரடுமுரடான செங்குத்துப் பாதையில் வெளியே இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவன் கோபப்படுகிறான். வெளியே வந்ததும் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

இந்த இடத்தில் பிளேட்டோ ஒரு நல்ல வாத்தியார். நேராகச் சூரியனைப் பார் என்று அவர் சொல்வதில்லை. முதலில் நிழல்களைப் பார்க்கட்டும், அது அவனுக்குப் பழக்கமானது. பிறகு தண்ணீரில் தெரியும் பிம்பங்கள். அதன் பிறகு பொருள்கள். பிறகு இரவில் நிலவும் நட்சத்திரங்களும். கடைசியில்தான் பகலில் சூரியன். புதிய உலகத்தின் முதல் படி பழைய உலகத்தின் கடைசிப் படியைப் போலவே இருக்கிறது. நிழலிலிருந்து நிழலுக்குத்தான் போகிறான், இது வேறு நிழல், அவ்வளவுதான். அந்தப் பெண் பிள்ளைக்கு முதல் மாதத்தில் தமிழ்க் கலைச்சொல்லையும் ஆங்கிலக் கலைச்சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தரும் ஒரு டீச்சர் கிடைத்தால், அதுதான் தண்ணீரில் தெரியும் பிம்பம். "கம்ஃபர்ட் ஜோனை விட்டு வெளியே வா" என்று மைக்கில் கத்துவது, குகையிலிருந்து வந்தவனை நடுப்பகல் சூரியனைப் பார்க்கச் சொல்வது.

கண் பழக நேரம் ஆகும் என்பது வெறும் உருவகமும் இல்லை. வெயிலிலிருந்து இருட்டான அறைக்குள் நுழைந்தால் விழித்திரை முழுதாகப் பழக அரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகிறது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் சில நிமிடங்களில் பழகிவிடும், ஆனால் அந்த நிமிடங்களில் கண் கூசி நீர் வடியும். மூளைக்கும் இதே கதை உண்டு. 1890களில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸ்களை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கண்ணை மூடிவிட்டு வாழ்ந்து பார்த்தார். முதலில் கை ஒரு பக்கம் போகும், பொருள் இன்னொரு பக்கம் இருக்கும். எட்டு நாள் நீடித்த சோதனையின் முடிவில் ஓரளவு இயல்பாகவே நடமாடினார். பிறகு லென்ஸைக் கழற்றியபோது பழைய, நேரான உலகமே அவருக்குப் பல மணி நேரம் குழப்பமாக இருந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், குகைக்குத் திரும்பும்போது வேண்டியிருக்கும்.

பார்த்து அறிவதைப் பற்றி யோசிக்க நாம் கிரேக்கம் வரை போகத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதை நடப்பது சேரர் தலைநகர் வஞ்சியில். அந்த வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எதுவானாலும் நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போய் வரக்கூடிய தூரம்தான். அங்கே மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்து "உம் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். அதுவும் ஆண் துறவி வேடத்தில். நீ இளம்பெண், உன்னிடம் யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள், வேற்றுருக் கொள் என்று கண்ணகித் தெய்வமே முந்தைய காதையில் அவளுக்கு யோசனை சொல்கிறது. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

அவள் முதலில் கேட்பது அளவைவாதியை. அளவை என்றால் அறிவதற்கான வழி. காட்சி (நேரில் பார்த்து அறிவது), கருதல் (ஊகித்து அறிவது) என்று தொடங்கிப் பத்து அளவைகளை அவர் அடுக்குகிறார். அவற்றோடு நில்லாமல், அறிவு எப்படியெல்லாம் தவறும் என்று எட்டுக் குறைகளையும் சொல்கிறார். என் கணக்கில் அந்த எட்டுத்தான் காதையின் பொக்கிஷம். ஒளிரும் சிப்பியை வெள்ளி என்று நினைப்பது திரியக்கோடல். தூரத்தில் நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமலே அது மனிதன்தான் என்று முடிவு கட்டிவிடுவது தேராது தெளிதல். ஐயத்தையும் தேராது தெளிதலையும் தனித்தனிக் குறையாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் கட்டை ஒன்றுதான், பார்க்கிறவரின் மனம்தான் வேறு.

தேராது தெளிதலுக்கு எங்கள் ஊரே உதாரணம். கேரளம் என்றால் பச்சை, கேரளம் என்றால் மழை என்று முடிவு செய்துகொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிறவர்கள் உண்டு. வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் மழை மறைவுப் பிரதேசம். கோடையில் தண்ணீர் லாரியைப் பார்த்தாலும் அவர்கள் மனதில் அந்தப் பச்சை போகாது. பார்த்தும் பதியாமல் போவதற்கும் அளவைவாதி ஒரு பெயர் வைத்திருக்கிறார்: கண்டு உணராமை. புலி எதிரே நின்றும் அது புலி என்று தெரியாமல் இருப்பது அவர் தரும் உதாரணம். புலியைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. பார்த்ததை உணராமல் போனால் விலை என்ன என்று அதிலேயே இருக்கிறது.

எட்டில் இன்னொன்று இந்தக் கட்டுரைக்கே உயிரானது. உணர்ந்ததை உணர்தல். குளிருக்குத் தீ மருந்து என்று எல்லாருக்கும் தெரியும். அதையே மறுபடி யோசித்து அறிந்துகொள்வது. இது தவறான கருத்துகூட இல்லை. தீ குளிரைப் போக்கத்தான் செய்யும். ஆனாலும் அளவைவாதி இதைக் குறையின் பட்டியலில்தான் சேர்க்கிறார். அறிவதற்கான வழி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது புதிதாக ஏதாவது தந்தாக வேண்டும் என்ற எண்ணம் இந்தியத் தருக்க மரபில் வலுவாக உண்டு. தெரிந்ததையே திரும்பத் தெரிந்துகொள்வது சுகமானது, சரியானதும்கூட. அது கற்றல் ஆகாது என்பதுதான் குற்றச்சாட்டு. நிழல் போட்டியில் வருஷா வருஷம் பரிசு வாங்கிய குகைவாசி செய்தது இதைத்தான். ஒரே பாடத்தை முப்பது ஆண்டு நடத்தும் வாத்தியார், தனக்குப் பிடித்த சேனலை மட்டும் பார்க்கும் பெரியவர், ஏற்கெனவே தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் 'படித்தேன்' என்று திருப்திப்படும் மாணவர் எல்லாரும் இந்தக் குறையில் அடக்கம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். தெரிந்ததைத் தேடுவது கற்றல் இல்லை, சரி. தெரியாததை எப்படித் தேடுவது? என்னவென்றே தெரியாதபோது, கிடைத்தால்கூட இதுதான் அது என்று எப்படித் தெரியும்? இதைச் சாக்ரடீஸிடம் கேட்டவர் பெயர் மெனோன். அந்த உரையாடலையும் பிளேட்டோதான் எழுதியிருக்கிறார். பதிலுக்குச் சாக்ரடீஸ் மெனோனின் அடிமைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுத் தரையில் ஒரு சதுரம் வரைகிறார். நீங்களும் ஒரு தாளில் வரைந்துகொண்டே படியுங்கள்.

பக்கம் இரண்டடி, பரப்பு நான்கு சதுர அடி. இதைப் போல இரண்டு மடங்கு, அதாவது எட்டு சதுர அடி வரும் சதுரம் வேண்டும். பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும்? பையன் தயங்கவே இல்லை: பக்கத்தை இரட்டிப்பாக்கினால் போதும். நான்கடிப் பக்கத்துக்குச் சதுரம் வரைந்து எண்ணிப் பார்த்தால் பதினாறு வருகிறது. சரி, அப்படியானால் மூன்றடி என்கிறான். எண்ணினால் ஒன்பது. எட்டுக்கு மிக அருகில், ஆனால் எட்டு இல்லை. இப்போது பையன் திணறிப்போய் "எனக்குத் தெரியவில்லை" என்கிறான்.

சாக்ரடீஸ் அங்கேயே நிறுத்தி மெனோனைப் பார்க்கிறார். சற்று முன்னால்தான் மெனோன் அவரைக் கடலில் இருக்கும் மின் திருக்கையோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்திருந்தான். அந்த மீனைத் தொட்டவர்கள் மரத்துப் போவதுபோல, உங்களோடு பேசினால் மனமும் வாயும் மரத்துப் போகின்றன என்று. இப்போது சாக்ரடீஸ் கேட்கிறார்: இந்தப் பையனை மரத்துப் போகச் செய்ததில் இவனுக்கு என்ன நஷ்டம்? முன்னே தெரியாமல் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். எத்தனை பேர் முன்னாலும் இரட்டிப்புப் பக்கம் என்று தைரியமாகச் சொல்லியிருப்பான். இப்போது தெரியவில்லை என்று தெரிகிறது, தேடவும் தயாராக இருக்கிறான்.

அப்புறம்தான் விடை. பதினாறு சதுர அடிச் சதுரத்தை நான்கு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறுக்கே ஒரு மூலைவிட்டத்தால் பாதியாக வெட்டினால், நடுவே சாய்வாக ஒரு சதுரம் கிடைக்கிறது. பதினாறில் பாதி, எட்டு. எனவே தேடிய பக்கம் முதல் சதுரத்தின் மூலைவிட்டம்தான். அது தொடக்கத்திலிருந்தே அந்தச் சதுரத்தின் உள்ளே இருந்தது. பையன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் படவில்லை. பிறவிக்கு முன்பே ஆன்மா அறிந்ததை நினைவுகூர்வதுதான் கற்றல் என்று பிளேட்டோ இதிலிருந்து ஒரு கொள்கையை எடுக்கிறார். அதை நீங்கள் ஏற்கலாம், விடலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. பதினாறுக்கும் ஒன்பதுக்கும் அப்புறம் வந்த அந்தத் திணறலை அவர் பாதுகாத்து வைத்த விதம்தான் முக்கியம். நம் வகுப்பறைகளில் பையன் திணறிய அந்த நொடியில் யாராவது விடையைச் சொல்லிவிடுவார்கள், இல்லையென்றால் உட்கார் என்று சொல்லிவிடுவார்கள்.

குகைக் கதையை முடித்த கையோடு பிளேட்டோ கல்வியைப் பற்றி ஒன்று சொல்கிறார். குருட்டுக் கண்ணில் பார்வையை ஊற்றுவதுபோல அறிவை உள்ளே ஊற்றுவதாகச் சிலர் பெருமையடிக்கிறார்கள். அப்படி இல்லை, பார்க்கும் சக்தி ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சரியான பக்கம் திருப்புவதுதான் வேலை என்கிறார். கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது, ஆளே முழுதாகத் திரும்ப வேண்டும். எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன வசதி உண்டு. எங்களுக்கு இரண்டு சுவர் தெரியும். கேரளத்தில் தமிழனைப் 'பாண்டி' என்று ஏளனமாகச் சொல்லும் சுவர் ஒன்று. மலையாளியா, ஜாக்கிரதையாக இரு என்று சொல்லும் சுவர் அந்தப் பக்கம். இரண்டிலும் நிழல் தெளிவாகவே விழுகிறது. பிறர் சொன்னதைக் காரணம் இல்லாமல் அப்படியே நம்புவதையும் அந்த அளவைவாதி எட்டில் ஒன்றாக வைத்திருக்கிறார், நினைப்பு என்ற பெயரில். இரண்டு பக்கமும் உறவும் வியாபாரமும் வைத்திருப்பவருக்கு, ஒன்றுக்கொன்று பொருந்தாத இந்த இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்று எப்போதாவது உறைக்கும். உறைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு சுவரையும் மாறி மாறி ரசித்துக்கொண்டே ஆயுளை முடித்தவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

மீதி இருப்பது திரும்பி வருவது. வெளியே போனவன் சூரியனைப் பார்த்துப் பழகிய பிறகு பழைய தோழர்களை நினைத்து இரக்கப்பட்டுக் குகைக்குள் இறங்குகிறான். இப்போது கண்ணில் இருட்டு. நிழல் போட்டியில் கலந்துகொண்டால் தோற்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள்: மேலே போய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்துவிட்டான், போகாமல் இருப்பதே நல்லது. அவர்களையும் அவிழ்த்து மேலே கூட்டிப்போக முயன்றால் கொன்றுவிடவும் தயங்க மாட்டார்கள். பிளேட்டோவின் குரு சாக்ரடீஸுக்கு ஏதென்ஸ் கி.மு. 399இல் மரண தண்டனை கொடுத்தது என்பது தெரிந்தால் இந்த வரி வேறு மாதிரி கேட்கும்.

கண் தடுமாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்கிறார் பிளேட்டோ. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போனாலும் தடுமாறும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தாலும் தடுமாறும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் தடுமாறுகிறவரைப் பார்த்ததும் சிரிக்காமல், இவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று முதலில் கேட்க வேண்டுமாம். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த பையன் களத்துமேட்டில் ஒன்றும் புரியாமல் நிற்கிறான், டவுன் பள்ளியில் அந்தப் பெண் பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்ட்ராட்டனுக்கு லென்ஸைக் கழற்றிய பிறகும் உலகம் குழம்பியது. மூவரையும் ஒரே பார்வையில் 'மந்தம்' என்று சொல்லிவிடலாம். மூவரும் மூன்று திசையிலிருந்து வந்தவர்கள்.

திரும்பி வந்தவனை அப்படியே விட்டுவிடவும் பிளேட்டோ தயாரில்லை. அவருடைய கற்பனை நகரத்தில், மேலே போய்ப் படித்தவர்கள் அங்கேயே சுகமாகத் தங்கிவிடக் கூடாது. முப்பத்தைந்து வயதில் அவர்களைக் குகைக்குள் இறக்கி, பதினைந்து ஆண்டுகள் பொது வேலைகளைச் செய்யவைக்க வேண்டும், ஐம்பது வயது வரை. இது அவர்களுக்கு அநியாயம் இல்லையா, நல்ல வாழ்க்கையைப் பிடுங்கி மட்டமான வாழ்க்கையைக் கொடுப்பதாக ஆகாதா என்று கிளாக்கோன் கேட்கிறார். ஒரு வகுப்பார் மட்டும் சுகமாக இருப்பதற்குச் சட்டம் இல்லை, நகரம் முழுதும் நன்றாக இருப்பதற்குத்தான் என்கிறார் சாக்ரடீஸ். அத்தோடு இறங்குகிறவர்களுக்கு ஒரு உறுதியும் தருகிறார். இருட்டுக்குக் கண் பழகட்டும், பழகிவிட்டால் அங்கே இருப்பவர்களைவிடப் பல்லாயிரம் மடங்கு தெளிவாக நிழல்களைப் பார்ப்பீர்கள்; எந்த நிழல் எதனுடையது என்று உங்களுக்குத்தான் தெரியும்.